சாய்ந்த எழுத்தில் இரண்டு பெயர்கள்

கல்யாணம் நின்றுபோவதற்கு எங்கள் பக்கத்தில் வழக்கமான காரணங்கள் சில உண்டு. நகை, சீர், பந்தியில் யாரை முதலில் உட்கார வைத்தார்கள் என்பது. எங்கள் அத்தையின் கல்யாணம் மட்டும், இங்கிலீஷ் எழுத்து வலப்பக்கம் சாய்ந்திருந்த காரணத்தால் நின்றுபோகப் பார்த்தது.

அத்தை என்றால் என் அப்பாவின் கடைசித் தங்கை. வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில் பெரியப்பா, அப்பா என்று எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் செம்மண்ணும் முந்திரித் தோப்பும். அத்தை கன்னியர் நடத்திய பள்ளியில் டீச்சர். வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பெரியப்பாவுக்கு உரமூட்டையில் இருக்கும் இங்கிலீஷைப் பார்த்துத் தலையாட்டத் தெரியும். அப்பாவுக்குப் பெரியப்பாவைப் பார்த்துத் தலையாட்டத் தெரியும்.

மாப்பிள்ளை அரியலூர் சிமென்ட் ஆலையில் ஆபீஸ் வேலையில் இருந்தார். அவருக்கு அப்பா இல்லை. பெரம்பலூரில் உரக்கடை வைத்திருந்த அண்ணன்தான் எல்லாவற்றையும் பேசி முடித்தார். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை தட்டிலிருந்த மைசூர்பாகைப் பார்த்தார், அத்தை தரையைப் பார்த்தாள். இரு தரப்புக்கும் பிடித்துவிட்டதாகப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

பொங்கல் கழிந்து முந்திரி பூத்திருந்த நேரம். அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் சீக்கிரமே வந்தது. தவக்காலம் தொடங்கிவிட்டால் கோவிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அப்புறம் ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் இருந்தால் சொல்லுங்கள் என்று பங்குச் சாமியார் கேட்பதற்குப் பெயர்தான் ஓலை. ஆகவே எல்லாம் அவசரம். பத்திரிகை அடிக்கிற வேலையைப் பெரியப்பா அரியலூர்க் கடைவீதியில் இருந்த ஒரு பிரஸ்ஸில் கொடுத்தார். ஒரு பக்கம் தமிழ். மறுபக்கம், ஆலையில் இருக்கும் வெளியூர் ஆபீசர்களுக்காக இங்கிலீஷ்.

மாதிரித் தாள் வீட்டுக்கு வந்தது. பெரியப்பா அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு அத்தையிடம் கொடுத்தார். அத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. பேரு ரெண்டும் மட்டும் தடிச்ச சாஞ்ச எழுத்துல இருந்தா நல்லா இருக்கும்ணே. அந்த பிரஸ்ல இருக்கு, நான் பாத்திருக்கேன்.”

தோப்புக்கு மருந்தடிக்கும் வேலை தலைக்கு மேல் இருந்த பெரியப்பாவுக்கு எழுத்து சாய்ந்தால் என்ன, படுத்தால் என்ன. “நீயே போயி சொல்லிட்டு வந்துடும்மா, பாப்பாவைக் கூட்டிக்க” என்றார். பாப்பா என்பது நான். நாலாம் வகுப்பு. கல்யாணம் நிச்சயமான பெண் தனியாகப் போகக் கூடாது என்பதால், என்னைத் துணைக்கு வைத்தால் தனியாகப் போனதாக ஆகாது என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை.

சனிக்கிழமை போகலாம் என்று அத்தை சொன்னாள். ஆலை ஆபீஸ் சனிக்கிழமை அரை நாள்தான் என்பதை நான் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை.

பிரஸ்ஸுக்குள் நுழைந்ததும் மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. உள்ளே ஒருவர் காலால் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார்; அது வாயைத் திறந்து திறந்து காகிதத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது. பிரஸ்காரர் அத்தையைக் கண்டதும் எழுந்து நின்றார். சாய்ந்த எழுத்து என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“போல்டு இட்டாலிக்குங்க. மெட்ராஸ்லேருந்து வரவழைச்சேன். ஜெயங்கொண்டத்துலயும் கெடையாது, பெரம்பலூர்லயும் கெடையாது.”

வாங்கிய நாளிலிருந்து அவர் அதைப் போடாத இடமில்லை என்பது சுவரைப் பார்த்தாலே தெரிந்தது. ஓட்டல் பில்லின் அடியில் ‘விசிட் அகெய்ன்’ சாய்ந்திருந்தது. ஜவுளிக்கடை நோட்டீஸில் ‘கிராண்ட் சேல்’ சாய்ந்து, பாய்ந்து ஓடியது. டாக்டர் சீட்டில் டாக்டர் சாய்ந்திருந்தார். ஒரு லாட்ஜின் அட்டையில் டெலிபோன் நம்பர்கூடச் சாய்ந்திருந்தது.

“சாவுக் கார்டுக்கு மட்டும் போட மாட்டேங்க” என்றார். “போனவங்க ஏற்கெனவே சாஞ்சுட்டாங்க. நாம வேற எதுக்குச் சாய்க்கணும்?”

அந்த நேரம் பார்த்து வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் வந்தார். சட்டைத் தோளில் வெள்ளைத் தூசி. மாப்பிள்ளை. தம் தரப்புக்கு மாதிரித் தாளைப் பார்த்துச் சரிசொல்ல வந்திருக்கிறார். அத்தை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் நகர்ந்தாள். பிரஸ்காரர், இப்படிப் பெண் வீட்டார் பெயர்களைச் சாய்க்கச் சொல்கிறார்கள் என்று விஷயத்தை அவர்முன் வைத்தார்.

மாப்பிள்ளை தாளைப் பார்த்தபடியே பேசினார். “பேருன்னா நிமிந்து நிக்கணுங்க. சாஞ்ச எழுத்து, யாரோ பஸ்ஸைப் புடிக்க ஓடற மாதிரி இருக்கு.”

போச்சு, அத்தை அடங்கிவிடுவாள் என்று நினைத்தேன். அத்தை சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

“ஓடலிங்க. ஒருத்தர் பேசறப்ப அவங்க பக்கம் லேசா சாஞ்சு கேக்கற மாதிரி இருக்கு.”

“அப்ப எதுக்குங்க இவ்வளவு தடிமன்?”

“ஒல்லியா சாஞ்சா காய்ச்சக்காரன் மாதிரி தெரியும். தடிமனா இருந்தாத்தான் தெம்பா, தானா சாஞ்சிருக்குன்னு தெரியும்.”

“விழுந்துறாதுங்களா?”

“அடியில பாருங்க. ஒவ்வொரு எழுத்துக்கும் சின்னதா பாதம் இருக்கு. விழாது.”

அவர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். பிரஸ்காரர் அந்த எழுத்துப் பெட்டியையே இழுத்து முன்னால் வைத்தார். ஈயத்தில் வார்த்த சின்னச் சின்ன எழுத்துகள். நான் எட்டிப் பார்த்தேன். எல்லாம் இடவலம் மாறி, இடப்பக்கம் சாய்ந்து கிடந்தன. காகிதத்தில் அழுத்தினால்தான் வலப்பக்கம் சாயுமாம். மாப்பிள்ளை தேடித் தேடி ஓர் எழுத்தை எடுத்தார். அத்தை பெயரின் முதல் எழுத்து. அதன் கால் ஒன்று, நடக்கப் போகிறவள் எடுத்து வைத்த காலைப்போல வெளியே நீண்டிருந்தது. “இது உங்களதுங்க” என்று அத்தையின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு, இரண்டு பெயர்களுக்கு நடுவில் வருகிற ‘அண்ட்’ (&) அடையாளத்தையும் எடுத்துக் காட்டினார். தடித்த கயிற்றில் யாரோ அழகாக முடிச்சுப் போட்டதுபோல இருந்தது.

“இது மட்டும் சாஞ்சே இருக்கட்டுங்க” என்றார்.

“அது நேரா இருந்தா கடை போர்டு மாதிரி ஆயிடுங்க” என்றாள் அத்தை.

அந்த ஒன்றில் மட்டும் உடன்பாடு ஏற்பட்டது. மற்றதை யோசித்து அடுத்த சனிக்கிழமை சொல்வதாக அவர் கூறினார். எனக்கு எரிச்சலாக இருந்தது. நேராகவா சாய்வாகவா என்பதை யோசிக்க ஒரு வாரமா? எங்கள் வகுப்பில் இதைவிடக் கஷ்டமான கணக்குகளை மணியடிப்பதற்குள் போட வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போது பார்த்தேன், அத்தையின் உள்ளங்கையில் மை ஒட்டியிருந்தது. வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் எழவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாப்பிள்ளை எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். சோப்பு உறை, தீப்பெட்டிப் படம், பத்திரிகைத் துண்டு என்று சாய்ந்த எழுத்து இருக்கும் எதையெல்லாமோ ஒரு உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். எதிர்க்கட்சி எதற்கு நம் கட்சிக்குச் சாட்சி சேர்த்துக்கொண்டு வருகிறது என்று எனக்குக் குழப்பம். அத்தையும் சும்மா வரவில்லை. கன்னியர் மடத்திலிருந்து இங்கிலீஷ் பூசைப் புத்தகத்தை இரவல் வாங்கி வந்திருந்தாள்.

“இதுல பாருங்க. ஜெபமெல்லாம் நேரா இருக்கு. எழுந்து நில்லு, முழங்கால் போடு, கையை விரின்னு வர்ற எடமெல்லாம் சாஞ்சிருக்கு.”

மாப்பிள்ளை புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். “அப்ப, சாஞ்ச எழுத்துன்னா வாயால சொல்லக் கூடாது, செஞ்சு காட்டணும்னு அர்த்தமுங்களா?”

அத்தை புத்தகத்தை மூடி வாங்கிக்கொண்டாள். பதில் சொல்ல அவளுக்கு உதவலாம் என்று பக்கத்தில் போனேன். மாப்பிள்ளை என்னிடம் ஒரு பன்னைக் கொடுத்து, மெஷின் எப்படி ஓடுகிறது என்று பார்த்து வரச் சொன்னார். மெஷினை நான் போன வாரமே பார்த்துவிட்டேன். இருந்தாலும் பன்னுக்காக இன்னொரு தடவை பார்த்தேன். மெஷின் சத்தத்துக்கு நடுவில் அவர்கள் சிரிப்பது கேட்டது. திரும்பி வந்தபோது பிரஸ்காரர் மூன்றாவது விதமாக ஒரு மாதிரி அடித்துக்கொடுத்திருந்தார். அதுவும் இருவருக்கும் திருப்தி இல்லை. மறுபடி அடுத்த சனிக்கிழமை.

இதற்கிடையில்தான் விபரீதம் நடந்தது. பத்திரிகைக்கட்டை வாங்கிப் போக அன்று மாலையே மாப்பிள்ளையின் அண்ணன் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு வந்திருக்கிறார். கட்டு தயாராகவில்லை. ஏன் என்று கேட்டால், எழுத்து விஷயத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒத்துவரவில்லை என்று பிரஸ்காரர் கையை விரித்திருக்கிறார். மேசைமேல் சாய்ந்த எழுத்தில் தம்பியின் பெயர் கிடந்ததை அண்ணன் பார்த்திருக்கிறார்.

மறுநாள் இரண்டாம் ஓலை வாசித்து, பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். கறிக்குழம்பு கொதிக்கும்போதே அவர் வந்துவிட்டார். வழியில் கோவிலில் நின்று, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரையும் மத்தியஸ்தத்துக்கு அழைத்து வந்திருந்தார். தண்ணீர் கொடுத்தால் வாங்கவில்லை. கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“எங்க தம்பி பேரை ஏங்க சாச்சுப் போடச் சொல்றீங்க? எங்க வம்சத்துல எவனும் யாருக்கும் சாஞ்சு நின்னதில்லிங்க.”

பெரியப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வந்தவர் குரல் உயர்ந்துவிட்டது. சாய்ந்த எழுத்தைப் பற்றி அதுவரை ஒரு நிமிஷம்கூட நினைத்திராத பெரியப்பா, அந்த நிமிஷத்திலிருந்து அதற்காக உயிரைக் கொடுக்கத் தயாராகிவிட்டார்.

“சாஞ்சா என்னங்க கொறைஞ்சு போச்சு? முத்துன கதிரு சாயத்தான் செய்யும். பதருதான் நிமிந்து நிக்கும்.”

“அப்ப எங்க தம்பி பதருங்கிறீங்களா?”

“நான் கதிரைப் பத்திச் சொன்னேன்.”

“உங்க பொண்ணு பிரஸ்ஸுல வந்து எங்க தம்பிகிட்ட ரெண்டு வாரமா மல்லுக்கு நிக்குதாம். கழுத்துல தாலி ஏறங்காட்டியே இப்படின்னா, பின்னால எப்படிங்க?”

“உங்க தம்பி ஒரு எழுத்துக்கு விட்டுக்குடுக்கலியே, அவரு பின்னால எதை விட்டுக்குடுப்பாரு?”

உபதேசியார் இரண்டு பக்கமும் கையமர்த்தினார். யாரும் அமரவில்லை. வந்தவர் எழுந்தார். மூன்றாம் ஓலையை நிறுத்தி வைக்கச் சொல்லிச் சாமியாரிடம் பேசிவிட்டுப் போவதாகச் சொன்னார். பெரியப்பா “நிறுத்திக்குங்க” என்றார். அப்பா தலையாட்ட வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். உள்ளறை வாசலில் அத்தை வந்து நின்றிருந்தாள். பிரஸ்ஸில் நடந்ததை அவள் எப்படிச் சொல்வாள்?

அவளைப் பற்றி அநியாயமாகப் பேசுகிறார்கள் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. இரண்டு சனிக்கிழமையும் கூட இருந்தவள் நான். நடந்தது எனக்குத்தானே தெரியும்? கூடத்து நடுவில் போய் நின்றேன்.

“அவங்க சண்டையே போடலிங்க” என்றேன். “சிரிச்சிக்கிட்டேதான் பேசுனாங்க. மாமா அத்தே பேரு எழுத்தை எடுத்து அத்தே கையில வச்சாங்க. அத்தே அதைத் திருப்பிக் குடுக்கவே இல்ல, ரொம்ப நேரம் மூடி வச்சிருந்துச்சு. அப்பறம் எனக்குப் பன்னு வாங்கிக் குடுத்து மெஷினைப் பாக்கச் சொன்னாங்க. நான் மெஷினைப் பாத்துட்டு வந்தும் அவங்க பேசி முடிக்கல.”

பெரியப்பா கூரையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அண்ணன், எழுந்து நின்றவர், மறுபடி நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார், இந்தத் தடவை நன்றாகச் சாய்ந்து. உபதேசியாருக்கு இருமல் வந்தது; அது இருமல்தானா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

“எழுத்தைப் பத்தி இவ்வளவு நேரம் பேசறவங்களுக்கு” என்றார் உபதேசியார் ஒருவழியாக, “ஓலையை நிறுத்தறது நல்லதில்லிங்க. முடிஞ்சா சீக்கிரமா வாசிக்கறதுதான் நல்லது.”

முதலில் சிரித்தது அந்த அண்ணன்தான். பெரிய வயிறு குலுங்கச் சிரித்தார். “எனக்கு அப்பவே சந்தேகமுங்க. சோப்பு உறையெல்லாம் எதுக்குடா சேக்கறேன்னு கேட்டேன், ஆபீஸ் வேலைன்னான்!” பெரியப்பா எழுந்து போய்த் தாமே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இந்தத் தடவை அவர் வாங்கிக் குடித்தார். பிறகு எங்களோடு உட்கார்ந்து கறிக்குழம்பும் சாப்பிட்டார்.

எனக்கு மட்டும் பாராட்டு கிடைக்கவில்லை. உள்ளே போனால், அத்தை முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். கிள்ளிய சூட்டிலேயே இழுத்துக் கட்டிக்கொண்டு முத்தமும் கொடுத்தாள். இரண்டில் எது எதற்கு என்று கேட்கலாம் என்று பார்த்தால், அம்மா அடுப்பங்கரையில் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் இப்படியெல்லாம் நடக்கும் என்று கோவில் ஞானோபதேச வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை.

இனி இந்தக் காரியத்தைச் சின்னவர்களிடம் விட்டால் ஈஸ்டர் வந்துவிடும் என்று சம்பந்திகள் இருவரும் திங்கட்கிழமை தாங்களே பிரஸ்ஸுக்குப் போனார்கள். போன இடத்தில் பிரஸ்காரர் சும்மா இருப்பாரா? மாப்பிள்ளையின் அண்ணன் பெயரைத் தடித்த சாய்ந்த எழுத்தில் கோத்து ஒரு தாளில் அழுத்திக் காட்டியிருக்கிறார். அண்ணன் அதைக் கையை நீட்டிப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாராம். “நல்லாத்தான் இருக்குங்க. கார்ல போற மாதிரி இருக்கு.” அதைப் பார்த்துப் பெரியப்பா தம் பெயரையும் அப்படியே போடச் சொன்னார். பிறகு உரக்கடையின் பெயர். பிறகு ஊர்ப் பெயர்கள். உறவுமுறை விடக் கூடாது என்று மாமன்கள், சித்தப்பாக்கள். இப்படியே எல்லாரையும் சாய்த்து முடித்தபோது பெட்டியில் எழுத்து தீர்ந்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளப் போகிற இரண்டு பேரின் பெயர்களுக்குப் பழைய நேரான எழுத்துதான் மிஞ்சியது. நடுவில் அந்த முடிச்சு மட்டும் சாய்ந்திருந்தது. அதை வேறு யாரும் கேட்கவில்லை.

பத்திரிகைக்கட்டு வந்தபோது நான்தான் முதலில் பிரித்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அத்தே, உன் பேரு சாயவே இல்ல.”

அத்தை வாங்கிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். “எல்லாரும் சாஞ்சுட்டாங்கல்ல? இப்ப நிமிந்து நிக்கற ரெண்டு பேருதான்டி கண்ணுல படுது. பாரு.”

பார்த்தேன். வாஸ்தவம்தான். இருந்தாலும் அது தோற்றவர்கள் சொல்கிற சமாதானமாகத்தான் எனக்குப் பட்டது. நேராக வேண்டும் என்று கேட்டவர் மாப்பிள்ளை, நேராகவே வந்துவிட்டது. ஜெயித்தது அவர்தான். பெரம்பலூர் அண்ணன் அதே மாதத்தில் தம் உரக்கடை பெயர்ப்பலகையையும் சாய்ந்த எழுத்தில் மாற்றி எழுதச் சொன்னார் என்று கேள்விப்பட்டபோதும் எனக்கு ஆறவில்லை.

மூன்றாம் ஓலை தடையில்லாமல் போயிற்று. கல்யாணம் நல்லபடி நடந்தது. கோவில் நிறையச் சனம். மாப்பிள்ளை என்னைத் தேடி வந்து, “பாப்பா, பன்னு வேணுமா?” என்றார். ஜெயித்த ஆளிடம் வாங்கித் தின்ன எனக்கு மனம் வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் அவர்களை அரியலூருக்கு அழைத்துப் போகக் கார் வந்தது. வழக்கப்படி எல்லாரும் அழுதார்கள். அத்தையும் அழுதாள், பெரியப்பா தோளில் சாய்ந்து. ஆனால் கார் கிளம்பித் தெரு முனையில் திரும்பும்போது நான் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை, கன்னத்தில் ஈரம் காய்வதற்குள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பி, பலகாரப் பானைகளைக் காலிசெய்துகொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்: “அத்தே ஏம்மா விட்டுக் குடுத்துச்சு?”

“எதைடி?”

எழுத்தைத்தான் கேட்கிறேன் என்றேன். அம்மா பானைக்குள் கையை விட்டு, அடியில் மிஞ்சியிருந்த அதிரசத்தை எடுத்து என் கையில் வைத்தாள். தோற்ற கட்சிக்குக் கொடுக்கிற ஆறுதல் அது என்று நினைத்து, முந்திரி மரத்தடியில் உட்கார்ந்து, அத்தைக்காகத் துக்கப்பட்டபடியே அதை மெதுவாகத் தின்று முடித்தேன்.